சபை விலக்கலாம், சட்டம் விலக்கலாமா?



மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் கட்டுப்படியாகும் விலை கேட்டு நிற்கும் பெரம்பலூர்த் தோழர்கள் நீங்கள். சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்களின் ஓரத்தில் வாழ்வை நடத்தும் அரியலூர்த் தோழர்கள் நீங்கள். உங்களிடம் வந்து, ஏழு கடல் தாண்டிய அமெரிக்க நாட்டின் மார்மன் சபையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், "இதென்ன, நம் வீட்டுக் கூரை ஒழுகும்போது அடுத்த நாட்டு மாளிகையைப் பற்றிய பேச்சு?" என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், அந்தக் கேள்விக்கு விடை கூறாமல் நான் அமரப் போவதில்லை.

ஒரு மனிதன் எந்தத் தெய்வத்தை, எந்த முறையில் தொழுகிறான் என்பதைப் பார்த்து, அவன் வாக்களிக்கலாமா, தேர்தலில் நிற்கலாமா, சட்டமன்றத்தில் அமரலாமா என்று அரசு தீர்ப்பளிக்கலாமா? இந்தக் கேள்வியை வைத்து அமெரிக்க நாடு மார்மன் சபையினரோடு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் மல்லுக்கு நின்றது. அதே கேள்வி, வேறு உடை உடுத்தி, வேறு பெயர் சூட்டிக்கொண்டு, இதோ பெரம்பலூரிலும் நிற்கிறது. அங்கே நடந்ததை அறிந்தால், இங்கே நடப்பது விளங்கும்.

யார் இந்த மார்மன் சபையினர்? 1830-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில், ஜோசப் ஸ்மித் என்ற 24 வயது இளைஞர் ஒரு சபையைத் தொடங்கினார். தேவதூதன் தோன்றினான், பொன் தகடுகள் புதைந்த இடத்தைக் காட்டினான், அவற்றில் எழுதியிருந்ததை நான் மொழிபெயர்த்தேன் என்றார் அவர். அப்படி வெளிவந்ததே மார்மன் புத்தகம். விவிலியத்தோடு அதையும் வேதமாகக் கொள்வோர் என்பதால், ஊரார் அவர்களுக்கு மார்மன்கள் என்று பெயரிட்டனர்.

பொன் தகட்டுக் கதையை நாம் நம்ப வேண்டியதில்லை, தோழர்களே! திருமாலின் உந்தித் தாமரையில் நான்முகன் உதித்த கதையையே நம்ப மறுத்த மரபு நம்முடையது. ஆனால், நாம் நம்பாத ஒன்றை நம்புகிறவனுக்கும் குடியுரிமை உண்டு என்று கூறும் மரபும் நம்முடையதே. இந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் தாங்கத் தெரிந்தவனே பகுத்தறிவாளன்.

கிருத்துவ உலகின் பெருஞ்சபைகள் மார்மன்களை ஏற்கவில்லை. தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பது அச்சபைகளின் அடிப்படை. மூவரும் தனித்தனியர், தந்தைக்கும் உடலுண்டு என்பது மார்மன் கொள்கை. வேதம் முற்றுப்பெற்றது என்பர் அவர்கள்; இல்லை, இன்றும் எங்கள் தலைவர் வாயிலாக இறைவாக்கு வருகிறது என்பர் இவர்கள். ஆகவே, மார்மன் சபை அளிக்கும் திருமுழுக்கு செல்லாது என்று 2001-ஆம் ஆண்டு வத்திக்கான் தீர்ப்பளித்தது. மார்மன்களோ, "எங்கள் சபையின் பெயரிலேயே இயேசு கிறிஸ்து இருக்கிறாரே, எங்களையா கிருத்துவர் அல்லர் என்கிறீர்கள்?" என்று கேட்கின்றனர்.

இது சபைக்கும் சபைக்கும் உள்ள வழக்கு. எங்கள் பந்தியில் யார் அமரலாம் என்று சொல்ல ஒரு சபைக்கு உரிமை உண்டு. அதில் நமக்கு வேலை இல்லை. நம் வேலை எங்கே தொடங்குகிறது? சபையின் தீர்ப்பை அரசு கையில் எடுத்துக்கொண்டு, தடியையும் துப்பாக்கியையும் அதற்குத் துணை சேர்க்கும் இடத்தில் தொடங்குகிறது!

1838-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள், மிசூரி மாநில ஆளுநர் பாக்ஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். மார்மன்களைப் பகைவராகக் கருத வேண்டும், அழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டு விரட்ட வேண்டும் என்பது அதன் சாரம். மூன்றாம் நாள், ஹான்ஸ் மில் என்ற சிற்றூரில் 17 பேர் கொன்று வீழ்த்தப்பட்டனர். மனிதக் கூட்டமொன்றை ஒழிக்கச் சொன்ன அந்த ஆணை, ஏட்டளவில் திரும்பப் பெறப்பட்ட ஆண்டு எது தெரியுமா? 1976! 138 ஆண்டுகள் அது ஏட்டில் உறங்கியது.

விரட்டப்பட்டோர் இல்லினாய் மாநிலத்தில் நாவூ என்ற நகரைக் கட்டினர். அங்கே ஜோசப் ஸ்மித்தே நகரத் தலைவர், அவரே படைத் தலைவர், அவரே சபைத் தலைவர். 1844-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலுக்கும் அவர் வேட்பாளரானார். அவருடைய பலதார மணத்தைக் கண்டித்து ஒரு செய்தித்தாள் வெளிவந்தது. என்ன செய்தார் அவர்? நகர மன்றத்தைக் கூட்டினார். அந்த ஏட்டின் அச்சகத்தை உடைத்தெறிய ஆணையிட்டார். விளைவு, கைது, சிறை. ஜூன் 27-ஆம் நாள், கார்த்தேஜ் நகரச் சிறைக்குள் வெறிக்கூட்டம் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றது.

இங்கே சற்று நில்லுங்கள், தோழர்களே! ஏடு நடத்தும் இயக்கம் நம்முடையது. அச்சகத்தை உடைத்தவருக்காக நாம் பரிந்து பேச முடியாது. சிறையில் இருந்தவரைக் கொன்ற கூட்டத்துக்காகவும் பரிந்து பேச முடியாது. துன்பத்துக்கு ஆளானவர் என்பதனாலேயே ஒருவர் தூயவராகிவிடுவதில்லை. தூயவராக இல்லை என்பதனாலேயே அவர் உரிமை இழப்பதுமில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னர் பயன்படும்.

1847-ஆம் ஆண்டு பிரிகாம் யங் தலைமையில் அவர்கள் மேற்கே நடந்தனர். உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் குடியேறினர். அதுவே பின்னாளில் யூட்டா மாநிலம். அங்கும் அமைதி இல்லை. 1857-இல் அவ்வழியே சென்ற பயணிகள் ஏறத்தாழ 120 பேரை மார்மன் படையினர் கொன்று குவித்தனர். அது அச்சபையின் வரலாற்றில் அழியாத கறை. மறுபுறம், 1856-இல் குடியரசுக் கட்சி தனது முதல் தேர்தல் அறிக்கையில் அடிமை முறையையும் பலதார மணத்தையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டைச் சின்னங்கள் என்று இணைத்துக் கண்டித்தது.

பலதார மணத்தைச் சட்டம் தடுத்தது சரியே. பெண்ணடிமையைக் கடவுளின் பெயரால் காப்பாற்ற எவருக்கும் உரிமை இல்லை. நம்பிக்கைக்குச் சுதந்தரம் உண்டு, குற்றச் செயலுக்கு அது போர்வையாகாது என்று 1879-ஆம் ஆண்டு ரேனால்ட்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறியது. அதுவரை நாமும் உடன்படலாம். ஆனால் அதிகாரம் அத்தோடு நின்றதா?

ஐடகோ பகுதியில் ஒரு சட்டம் வந்தது. வாக்களிக்க வருகிறவன், பலதார மணத்தைப் போதிக்கும் எந்த அமைப்பிலும் நான் உறுப்பினன் அல்லன் என்று உறுதிமொழி அளிக்க வேண்டும். ஒரே மனைவியோடு ஒழுங்காக வாழ்ந்த மார்மன் உழவனுக்கும் வாக்கு இல்லை! செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. சேர்ந்த சபை எது? அது போதும்! 1890-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தையும் செல்லும் என்றது. யூட்டாவில் 1870 முதல் பெண்களுக்கு வாக்குரிமை இருந்தது. பெண்களை விடுவிக்கப் போகிறோம் என்று முழங்கியவர்கள், 1887-இல் ஒரு சட்டம் செய்து அந்தப் பெண்களின் வாக்குரிமையையே பறித்தனர். விடுவிக்கும் அழகைப் பார்த்தீர்களா!

1890-இல் மார்மன் சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1896-இல் யூட்டா மாநிலமாயிற்று. 1903-இல் ரீட் ஸ்மூட் என்பவரை அம்மாநிலம் செனட் அவைக்குத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு ஒரே மனைவி. எனினும் அவர் சபையின் பெரிய பொறுப்பில் இருந்தார் என்பதற்காக, 1904 முதல் 1907 வரை விசாரணை நடந்தது. ஆலயத்துக்குள் என்ன சபதம் செய்தீர்கள், உங்கள் தலைவர் வீட்டில் எத்தனை மனைவியர் என்று துருவித் துருவிக் கேட்டனர். குழு, அவரை நீக்கலாம் என்றது. அவையோ 1907 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்தது. 1933 வரை அவர் அங்கே அமர்ந்திருந்தார்.

பிறகு என்ன ஆயிற்று? காட்டுமிராண்டித்தனம் என்று கண்டித்த அதே குடியரசுக் கட்சிக்கு, 1968 முதல் ஒவ்வொரு குடியரசுத் தலைவர் தேர்தலிலும் யூட்டா மாநிலம் வாக்களித்து வருகிறது. 2012-இல் அக்கட்சியின் வேட்பாளரே ஒரு மார்மன், மிட் ரோம்னி! புகழ்பெற்ற சமயப் பிரசாரகர் பில்லி கிரகாம் நிறுவிய அமைப்பின் இணையத்தளத்தில், மார்மன் நெறி போலிச் சமயங்களின் வரிசையில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ரோம்னி அவரைச் சந்தித்தார். சில நாட்களில் அந்த வரி மறைந்தது. நூற்றாண்டு நூற்றாண்டாக இறங்காத இறையியல், தேர்தல் மாதத்தில் எவ்வளவு எளிதில் இறங்கிவந்தது!

உரிமை பெற்ற மார்மன் சபை, பிறர் உரிமைக்கு என்ன செய்தது? கருப்பின மக்களுக்குக் குருத்துவம் இல்லை என்ற தடையை 1978 வரை வைத்திருந்தது. பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை எதிர்த்தது. 2008-இல் கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமண உரிமையைப் பறிக்க முனைந்தவர்களுக்குத் துணை நின்றது. அதே சபையிலிருந்துதான் சனநாயகக் கட்சியின் ஹாரி ரீடும் வந்தார். 2007 முதல் 2015 வரை செனட் அவையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்தார். அதே சபையின் ரோம்னிதான் 2020-இல், தன் கட்சித் தலைவரான டிரம்ப்பைக் குற்றவாளி என்று தீர்மானிக்க வாக்களித்தார். சபையைப் பார்த்து ஆளை அளந்தால், ரீடையும் தவறாக அளப்போம், ரோம்னியையும் தவறாக அளப்போம்.

இனி, கொள்ளிடக் கரைக்கு வாருங்கள். அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சியை அறியாதவர் உங்களில் இல்லை. தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த வீரமாமுனிவர் வாழ்ந்து பணியாற்றிய ஊர் அது. தஞ்சை அரசில் துன்புறுத்தப்பட்ட கிருத்துவர்கள் கொள்ளிடத்தைக் கடந்து அங்கே அடைக்கலம் புகுந்தனர், அரியலூர் மழவராயர் ஆதரவு தந்தார் என்பது அவ்வூர் மரபு. அடைக்கல மாதா என்ற பெயரே அதைக் கூறவில்லையா?

அடைக்கலம் தந்த அரியலூர் ஆட்சியாளர், திருமுழுக்குச் சரியா என்று ஆராயவில்லை. உயிருக்கு அஞ்சி வந்தவனுக்கு நிலம் உண்டா என்பதே கேள்வியாயிற்று. ஆனால் சபைக்குள் சண்டை இருக்கத்தான் செய்தது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் லுத்தர் சபையை, வீரமாமுனிவர் 'பேதகம்' என்றே கண்டித்து நூல்கள் எழுதினார். மார்மன்களைப் பற்றிப் பெருஞ்சபைகள் இன்று பேசும் முறையில்தான், அன்று லுத்தர் சபையினரைப் பற்றி உரோமைச் சபை பேசிற்று. அந்த இரு சபைகளும் 1999 அக்டோபர் 31-ஆம் நாள், தமக்குள் பெரும்பிளவை உண்டாக்கிய ஒரு கோட்பாட்டில் அடிப்படை உடன்பாடு கண்டு கையெழுத்திட்டன. ஆக, இன்றைய பேதகம் நாளைய பங்காளி! மாறிக்கொண்டே இருக்கும் அந்த அளவுகோலைக் கொண்டு மாறாத குடியுரிமையை அளக்கலாமா?

அளக்கவில்லை, நம் நாடு சமயச் சார்பற்றது என்கிறீர்களா? பெரம்பலூர்ச் சட்டமன்றத் தொகுதியைப் பாருங்கள். அது பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. மாவட்ட மக்களில் ஏறத்தாழப் பத்தில் மூவர் பட்டியல் சாதியினர்; ஆகவே அந்த ஒதுக்கீடு நீதியானது, நாம் போற்றுவது. ஆனால் ஓர் ஆதி திராவிடத் தோழன், அதே சேரியில் பிறந்தவன், அதே கூலி வாங்குபவன், ஞாயிறு காலையில் மாதா கோயிலுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகுதியில் அவன் வேட்பாளராக நிற்க முடியாது! வாக்குப் போடலாம், வாக்குக் கேட்க முடியாது!

எந்தச் சட்டத்தால்? 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தியால். இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது அது. 1956-இல் சீக்கியருக்குக் கதவு திறந்தது. 1990-இல் பௌத்தருக்குத் திறந்தது. கிருத்துவருக்கும் இசுலாமியருக்கும் பூட்டு அப்படியே தொங்குகிறது. தமிழகத்தில் பட்டியல் சாதியிலிருந்து கிருத்துவரானோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். சேரியில் அடி விழுந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை. அடிப்பவன் கை, ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா ஓங்குகிறது?

சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த ஒரு தொழிலாளி, அரசு தரும் இலவசப் பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்றார். ஆதி திராவிடர்தான்; ஆனால் கிருத்துவர் என்பதால் மறுத்தனர். கிருத்துவத்துக்குள்ளும் அதே கடுமையோடு சாதி இழிவு தொடர்கிறது என்று மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1985-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. செருப்பும் ஊசியும் கையில் இருந்தன. மெய்ப்பிக்க வேறென்ன வேண்டும்?

கேரளத்துத் தேவிகுளம் தனித் தொகுதியைப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குச் சென்ற குடும்பத்தில் பிறந்த ஒருவர் 2021-இல் அங்கே வென்றார். அவர் கிருத்துவர் என்று வழக்கு. சபையின் பதிவேடுகளைப் புரட்டினர், திருமணப் படங்களை உற்றுப் பார்த்தனர். 2023 மார்ச்சில் உயர்நீதிமன்றம் வெற்றி செல்லாது என்றது. 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. ரீட் ஸ்மூட்டை ஆலயச் சபதம் பற்றிக் கேட்ட அந்த விசாரணை நினைவுக்கு வரவில்லையா? மக்கள் தந்த வெற்றியை மணப்பந்தல் படத்தைப் பார்த்து அளக்கும் நிலையை, அந்தப் பத்தி உண்டாக்கிவிட்டது.

மறுத்துப் பேசுவோர் மூன்று கூறுவர். மூன்றுக்கும் நாம் மரியாதையோடு விடை தர வேண்டும்.

கிருத்துவத்தில் சாதி இல்லையே என்பர். வேதத்தில் இல்லை, வீதியில் இருக்கிறது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிச் சுவர் நின்றது. 1910-இல்தான் அதை இடித்தனர். 2008-இல் எறையூரில், சம உரிமை கேட்ட தலித் கிருத்துவர்களை எதிர்த்து எழுந்த மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு உயிர்கள் போயின. சீக்கியமும் பௌத்தமும் கூடச் சாதியை ஏற்காத நெறிகள்தாம். அவற்றுக்குத் திறந்த கதவு இதற்கு மட்டும் ஏன் மூடியது?

இருக்கின்ற பங்கு குறைந்துவிடுமே என்று பட்டியல் சாதித் தோழர்கள் அஞ்சுவர். இது நியாயமான அச்சம். இதை எள்ளி நகையாடுபவன் நம் தோழன் அல்லன். ஒரு பிடிச் சோற்றை இருவருக்குப் பங்கிடச் சொல்வது நீதியாகாது. சோற்றைக் கூட்ட வேண்டும். அளவை உயர்த்துக, தேவையானால் உள்ஒதுக்கீடு செய்க. 2009-இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்த மாநிலம் இது. அப்படிப் பிரித்தளிக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்தது.

மதமாற்றம் பெருகுமே என்பர். இப்போது என்ன நடக்கிறது? கோயிலில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று ஏழையை இரட்டை வாழ்வு வாழ வைத்திருக்கிறோம். கிருத்துவராக வாழ்ந்துகொண்டு, வேலைக்காக இந்து என்று கூறுவது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவதாகும் என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் ஒரு புதுவைப் பெண்ணின் வழக்கில் கூறியது. பொய் சொல்லாதே என்று ஏழைக்கு அறிவுரை கூறலாம். மெய் சொன்னால் உரிமை போகும் என்ற சட்டத்தை வைத்துக்கொண்டு கூறலாமா?

மூன்றாம் பத்தியை நீக்குக என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இலேயே பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19-ஆம் நாள், கிருத்துவரான ஆதி திராவிடருக்கும் பட்டியல் சாதியினர் உரிமை வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் கோட்டையில் பிறக்கலாம்; அது உயிர்வாழ்வது உங்கள் கிளைகளில்.

எனவே தோழர்களே, ஊருக்குப் போய்ச் செய்ய வேண்டியவை சில உண்டு. மூன்றாம் பத்தி என்னவென்று சேரியிலும் ஊர்த்தெருவிலும் ஒரே குரலில் எடுத்துச் சொல்லுங்கள். பட்டியல் சாதித் தோழர்களின் அச்சத்தை முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள். ஆயரும் போதகரும் ஆதரவு தேடி வரும்போது, "உங்கள் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள்; உரிமைக்காக நாம் போராடுவது, உள்ளே நடக்கும் இழிவுக்குத் தரும் நற்சான்று ஆகாது. பெருஞ்சபைகள் கைவிட்ட ஏதோவொரு சிறு சபையின் செபக்கூடத்தை நாலு பேர் மறித்து நின்றால், அவர்கள் கொள்கை எதுவென்று கேட்பதற்கு முன்னால் அங்கே போய் நில்லுங்கள். யாவற்றுக்கும் மேலாக, கிளைச் செயலாளரையோ வேட்பாளரையோ தேர்ந்தெடுக்கும் நாளில், "இவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார்?" என்ற கேள்வி நம் வாயிலிருந்து வரக்கூடாது. ஐடகோவின் உறுதிமொழிச் சீட்டு அரசின் ஏட்டில் மட்டுமே இருக்கும் என்று எண்ணாதீர்கள். அது கட்சிக்காரன் நெஞ்சிலும் ஒளிந்திருக்கும்.

பொன் தகட்டை நம்புகிறவனும், புனித நீரை நம்புகிறவனும், எதையும் நம்பாத நாமும் ஒரே வாக்குச் சாவடியின் ஒரே வரிசையில் நிற்கிறோம். அந்த வரிசையில் நிற்பவன் எவனும், வேட்பாளர் பட்டியலிலும் நிற்கலாம் என்ற நாள் பெரம்பலூருக்கு வர வேண்டும். அதுவரை நமக்கு வேலை இருக்கிறது.